சோறு ஆறுது

அந்த பேண்டு மொத்தமே இரண்டு வருஷமும் நாலு மாசமும்தான் இருந்தது. அதில் ஒரு வருஷம் ஊரில், மீதி இங்கே. இங்கே இருந்த காலம் முழுக்க அவர்களுடைய சாமான்களை ஏற்றி இறக்கிய வேனை ஓட்டியவன் நான். பாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எந்தப் பெட்டி எவ்வளவு கனம் என்று தெரியும். அதனால் தெரிந்ததை எழுதுகிறேன்.

மூன்று பேர். கிட்டார் வாசிக்கிறவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் மனைவி ட்ரம்ஸ். மெக்கானிக்கின் தங்கச்சி பேஸ் கிட்டாரும் வாசிப்பாள், பாடவும் செய்வாள். பாடுவது என்றால் அடித்தொண்டையிலிருந்து உறுமுவது. அதனால் வீட்டில் அவளுக்குக் குயிலு என்று பெயர். வைத்தது அவர்கள் அம்மா. அந்த அம்மாவும் இங்கே கூடவே வந்தார்.

பேண்டின் பெயர் 'மூணாவது மாடி'. ஊரில் வாடகை வீட்டின் மூன்றாவது மாடி அறையில் வாசித்துப் பழகியதால் அந்தப் பெயர். இங்கே வந்தபின் கிடைத்தது தரைக்குக் கீழே இருந்த வீடு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் செருப்பு மட்டும் தெரியும்.

"பேரு மூணாவது மாடி, குடியிருக்கிறது பாதாளம்," என்பார் அம்மா. "யாரு வர்றா யாரு போறான்னு மூஞ்சி தெரியாது. காலை வச்சு ஆளைக் கண்டுபிடிக்க நான் என்ன செருப்புக் கடையா வச்சிருக்கேன்?"

எனக்கு அந்த வீடு பழக்கமானது அண்ணியால்தான். ட்ரம்ஸ் வாசிக்கிறவரை எல்லோரும் அண்ணி என்போம், நானும் அப்படித்தான். நாங்கள் இருவரும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வரும் விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, தேய்த்து, மடித்து அனுப்புகிற இடம். நான் வேனில் அழுக்கை எடுத்து வருவேன், வெளுத்ததைக் கொண்டுபோய்ப் போடுவேன். அண்ணிக்கு நீராவி பிரஸ்ஸில் வேலை. விரிப்பைப் பலகைமேல் போட்டு, நாலு மூலையை இழுத்து, மேல்தட்டை இறக்கி, மிதியை மிதித்தால் புஸ்ஸென்று ஆவி வரும். ஒரு மணி நேரத்துக்குத் தொண்ணூறு விரிப்பு முடிக்கவேண்டும். மற்றவர்கள் எழுபதுக்கே திணறுவார்கள். அண்ணி காலால் ஒரு தாளம், கையால் ஒரு தாளம் என்று போட்டுக்கொண்டே நூறைத் தாண்டுவார்.

"எப்படி அண்ணி?"

"இதுல என்ன இருக்கு? இது மெதுவான பாட்டு," என்பார்.

தமிழ் பேச ஆள் கிடைத்ததில் முதல் வாரமே என்னை வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார். வேன் ஓட்டுகிறவன் என்பதால் அம்மா என்னை வேணு ஆக்கினார். என் உண்மையான பெயரை இதுவரை அவர் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் தட்டு அங்கே இருக்கும்.

இனி அந்த வார்த்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

ஊரில் இவர்கள் மாடியில் பழகும்போது கீழ்வீட்டில் அம்மா சமைப்பார். நேரமானதும் படிக்கட்டின் அடியில் நின்று, "சோறு ஆறுது!" என்று ஒரு குரல் கொடுப்பார். மூன்று மாடி ஏறி, பூட்டிய கதவைத் தாண்டி, இரண்டு ஆம்ப்ளிஃபயரையும் ட்ரம்ஸையும் மீறி உள்ளே வருகிற குரல். குரல் கேட்ட அந்த இடத்திலேயே மூன்று பேரும் வெட்டினாற்போல் நிறுத்துவார்கள். முதலில் பயம், பிறகு பழக்கம். கடைசியில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும் சரி, அம்மா குரல் வந்தால் அடுத்த அடி விழக்கூடாது. யாருடைய அடி விழுகிறதோ அவர்தான் அன்றைக்குப் பாத்திரம் கழுவவேண்டும்.

அந்த அறையில்தான் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். கடைசிப் பாட்டின் நடுவில் அம்மாவின் குரல் விழுந்துவிட்டது. மூன்று பேரும் நின்றுவிட்டார்கள். மறுபடி வாசிக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தப் பதிவு எப்படியோ கடல் தாண்டி இந்த ஊர் ஹெவி மெட்டல் பிரியர்கள் கைக்கு வந்தது. பூமி பிளக்கிற மாதிரி வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள், திடீரென்று ஒரு பெண்குரல், அதோடு பூரண அமைதி. இந்த ஊர்க்காரர்களுக்கு அது என்னவோ போர் முழக்கம் மாதிரிப் பட்டிருக்கிறது. அவர்கள்தான் கடிதம் எழுதி, ஏற்பாடு செய்து, மூன்று பேரையும் வரவழைத்தார்கள்.

கச்சேரியின் முடிவில் குயிலு அந்த வார்த்தையைச் சொல்வாள். கூட்டம் திருப்பிக் கத்தும். தாடியும் பச்சை குத்திய கையுமாக இருநூறு பேர், "ஸோரு ஆர்து! ஸோரு ஆர்து!" என்பார்கள். என்ன அர்த்தம் என்று ஒருத்தர் என்னிடம் கேட்டார். சொன்னேன். நான் கேலி செய்வதாக நினைத்துக் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா மட்டும் ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லை. "அந்த இரைச்சலைத்தான் வீட்டிலயே வாங்கியாச்சே. டிக்கெட் எடுத்து வேற வாங்கணுமா?"

*

இவர்கள் இங்கே இருந்தது கலைஞர்களுக்கான தங்கும் அனுமதியில். ஒரு வருஷம். அதற்குள் பன்னிரண்டு கச்சேரி செய்யவேண்டும். ஒவ்வொன்றும் நாற்பது நிமிஷத்துக்குக் குறையக்கூடாது. நடுவில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நின்றால் அது கணக்கில் சேராது. மண்டபத்து மேனேஜர் ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். பன்னிரண்டு தாள் சேர்ந்தால் அனுமதி நீளும், மற்ற வேலையும் நிரந்தரமாகச் செய்யலாம். சேராவிட்டால் நாலு பேரும் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

பதினொன்று முடிந்திருந்தது. பன்னிரண்டாவது நடக்கவேண்டிய மண்டபத்தில் மழைக்குக் கூரை ஒழுகி, மேடையே ஊறிப்போய், ரத்தாகிவிட்டது. அலைந்து திரிந்து வேறொரு மண்டபம் பிடித்தார்கள். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி. அனுமதி முடிவது செவ்வாய்.

அந்த வாரம் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மெக்கானிக் ஏறி இறங்கும் லிஃப்டுகளுக்கு நடுவே நாள் முழுக்க நின்றுவிட்டு, கை கழுவியும் போகாத கிரீஸோடு வந்து கிட்டாரை எடுத்து உட்கார்ந்துவிடுவார். குயிலுக்கு பேக்கரியில் வேலை. விடியும்போது போய், தலைமயிரில் மாவோடு வருவாள். அம்மாவின் கட்டில்மேல் ஒரு பெட்டி இரண்டு வாரமாகத் திறந்தே கிடந்தது. உள்ளே பாத்திரங்கள், ஒவ்வொன்றும் பழைய துணியில் சுற்றியபடி.

"அதை மூடும்மா. நாளைக்கே கிளம்புற மாதிரி இருக்கு," என்றார் மெக்கானிக்.

"போறதுன்னா போலாம்டா. அதுக்கு ஏன் கலங்கணும்? அங்க என் குரலுக்கு நாலு பேரு திரும்பிப் பார்ப்பாங்க. இங்க யாரோட பேச? அந்தச் சமையக்கட்டுக் குழாயோடயா?"

"அங்க போனா வீடு இல்ல, வேலை இல்ல. இந்த வாசிப்பும் இல்ல."

"நான் இல்லையாடா அங்க?"

"நீ எங்கயும்தான் இருக்க. அதான் பிரச்சினையே!"

அம்மா சிரித்துவிட்டார். மெக்கானிக் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை சலவைக்கூடத்தில் அண்ணியின் பிரஸ் மிதி சிக்கிக்கொண்டது. மேல்தட்டு நிற்காமல் இறங்கியது. விரிப்பின் மூலையை இழுத்துக்கொண்டிருந்த இரண்டு கையையும் அண்ணி உருவிக்கொண்டார், ஆனால் உள்ளங்கை இரண்டிலும் ஆவி அடித்துவிட்டது. நான் ஓடிப்போய்க் குழாயைத் திறந்தேன். தண்ணீரின் கீழ் கையை வைத்துக்கொண்டே முதல் வார்த்தையாகச் சொன்னார்:

"வேணு, வீட்டுல மூச்சு விடக்கூடாது."

"அண்ணி, இது கொப்புளிக்கும்."

"கொப்புளிக்கட்டும். கிளவுஸ் போட்டுக்குவேன். ட்ரம்ஸ் அடிக்கிறவங்க பாதிப் பேரு கிளவுஸ் போடுறாங்க. ஞாயித்துக்கிழமை ஒரு நாற்பது நிமிஷம். அவ்வளவுதானே?"

"அண்ணன்கிட்டயாவது..."

"அவருகிட்ட சொன்னா கச்சேரி வேண்டாம்பாரு. அப்புறம் ஊருக்குப் போயி, ஆயுசு முழுக்க என் கையைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவாரு. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அந்த மூன்று நாளும் வீட்டில் அவர் ஸ்பூனால் சாப்பிட்டார். அம்மா கேட்டதற்குச் சலவைக்கூடத்தில் எல்லோரும் இப்படித்தான், பழக்கமாகிவிட்டது என்றார். அம்மா அந்த மூன்று நாளும் அண்ணியைப் பாத்திரம் கழுவ விடவில்லை. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது அம்மா சேலையை மாற்றிக்கொண்டு, ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டராக இரண்டு போட்டுக்கொண்டு, வேன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"எங்கம்மா கிளம்பிட்ட?" என்றாள் குயிலு.

"கடைசிதானே. வந்து பார்க்கிறேன்."

"கடைசி இல்லம்மா. பன்னிரண்டாவது."

"ஏதோ ஒண்ணு. வேணு, வண்டியை எடு."

*

பழைய மர மண்டபம். வெளியே காற்று. உள்ளே ஈரக் கோட்டுகளின் வாடை. நூற்றைம்பது பேர் இருப்பார்கள். மேனேஜர் ஒல்லியான மனுஷர், மேடை ஓரத்தில் ஸ்டூல் போட்டுத் தாளோடும் கடிகாரத்தோடும் உட்கார்ந்துவிட்டார். ஐந்து மணி இரண்டு நிமிஷம் என்று எழுதினார். அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியில் அம்மா, காதில் பஞ்சோடு.

முதல் மூன்று பாட்டும் நன்றாகப் போயின. எனக்கு அண்ணியின் முகம் மட்டும்தான் கண்ணில் இருந்தது. உதட்டைக் கடித்திருந்தார். குச்சி ஒருமுறை நழுவியது, பிடித்துக்கொண்டார். நாலாவது பாட்டின் நடுவில் கிட்டார் மட்டும் தனியாக, கொஞ்சம் தணிந்து வருகிற இடம் உண்டு. அந்த இடம் வந்தது. அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"சோறு ஆறுது!"

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். மைக் இல்லை. அந்தக் குரலுக்குத் தேவையும் இல்லை.

மூன்று பேரும் வெட்டினாற்போல் நின்றார்கள். இத்தனை நாளாகக் கூட்டமே கத்தியும் நிற்காதவர்கள் இப்போது நின்றார்கள். அவர்களாக நிறுத்தவில்லை, கை தானாக நின்றுவிட்டது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தாறு நிமிஷம்.

கூட்டத்துக்கு ஒரே சந்தோஷம். பதிவில் கேட்ட குரல், நேரில்! "ஸோரு ஆர்து! ஸோரு ஆர்து!" என்று கூரையைப் பிய்த்தார்கள்.

மெக்கானிக் கிட்டாரோடு மேடை ஓரத்துக்கு வந்தார்.

"வேணும்னுதானே பண்ணின?"

அம்மா பஞ்சை எடுத்தார். "என்னது?"

"வேணும்னுதானே கூப்பிட்ட? ஊருக்குப் போகணும், அவ்வளவுதானே? பாத்திரம் எல்லாம் சுத்தி வச்சாச்சு, நாங்க நின்னுட்டா முடிஞ்சுது. அதுக்குத்தானே வந்த?"

குயிலின் மைக் திறந்திருந்தது. இது முழுக்க மண்டபம் பூராவும் கேட்டது. கூட்டம் இதையும் பாட்டின் பகுதி என்று நினைத்துக் கைதட்டியது.

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையில் ஏறினார். மகனைத் தாண்டி, மகளைத் தாண்டி, நேராக ட்ரம்ஸுக்குப் போய் அண்ணியின் கையைப் பிடித்து கிளவுஸை உருவினார். உள்பக்கம் தோலோடு வந்தது. வெள்ளை ட்ரம்மின் மேல்தோலில் ஏற்கெனவே நாலைந்து சிவப்புப் புள்ளிகள் இருந்தன. தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"சோறு என்னைக்குடா ஆறியிருக்கு?" என்றார். இப்போது குரல் தணிவாகத்தான் இருந்தது, ஆனால் மைக் பக்கத்தில். "ஒரு நாளாவது ஆறின சோறு தின்னிருக்கியா நீ? மேல மூணு பேரும் வெறி புடிச்ச மாதிரி வாசிப்பீங்க. இவ அடி தளரும். கீழ எனக்குக் கேட்கும். உனக்குக் கேட்காது, குயிலுக்குக் கேட்காது. எனக்குக் கேட்கும். நிறுத்துங்கடான்னா நிறுத்துவீங்களா? சோறுன்னா நிறுத்துவீங்க. அதான் கூப்பிட்டேன். அன்னைக்கும் அதுதான், இன்னைக்கும் அதுதான்."

மெக்கானிக் மனைவியின் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அண்ணா," என்றாள் குயிலு, "ரெண்டு நிமிஷம் போயிடுச்சு." மேனேஜர் ஸ்டூலிலிருந்து எழுந்து இன்னும் மூன்று என்று விரலைக் காட்டினார்.

"விடு," என்றார் மெக்கானிக். கிட்டாரின் பட்டையைக் கழற்றப் போனார். "போதும். போலாம். கையைவிடப் பெரிசா இது?"

"என்னங்க," என்றார் அண்ணி. "கழட்டாதீங்க. கைதானே போச்சு? கால் ரெண்டும் சும்மாத்தானே இருக்கு."

உட்கார்ந்தபடியே, இரண்டு கையையும் மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டு, இரண்டு காலாலும் பெரிய ட்ரம்மை மிதிக்கத் தொடங்கினார். முதலில் மெதுவாக. பிரஸ் மிதிக்கிற அதே தாளம், தொண்ணூறு விரிப்பு வேகம். பிறகு நூறு. பிறகு எனக்கு எண்ணத் தெரியாத வேகம். மண்டபத்தின் மரத்தரை முழுக்க அந்த அடி இறங்கி என் முட்டிக்கு ஏறியது.

குயிலு பேஸைச் சேர்த்தாள். மெக்கானிக் ஒரு கணம் நின்றார். பட்டையை மறுபடி தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

அம்மா மேடையிலிருந்து இறங்கப் போனார். குயிலு கையைப் பிடித்தாள்.

"நீ எங்க போற? கையில்லாம பாட்டு தாங்காதும்மா, ஏதாவது வேணும். திட்டு."

"என்னடி திட்ட?"

"தினம் திட்டுறதுதான். அதையே திட்டு."

மைக்கை அவர் வாய்க்கு நேரே இறக்கினாள். அம்மா மைக்கைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ஊரையெல்லாம் மேல ஏத்தி மேல ஏத்தி இறக்குறான்! பெத்தவளைப் பாதாளத்துல வச்சிருக்கான்!"

கிட்டார் இடி மாதிரி விழுந்தது. கூட்டம் கத்தியது: "ஸோரு ஆர்து!"

"ஊருக்கெல்லாம் ரொட்டி சுடுறா! காலைல வெறும் வயித்தோட ஓடுறா! மாவு தலையில இருக்கு, வாய்க்குள்ள இல்ல!"

"ஸோரு ஆர்து!"

"கையைச் சுட்டுக்கிட்டு ஸ்பூன்ல தின்னுறா! பழக்கமாம்! நான் என்ன மாமியாரா, போலீஸா? என்கிட்ட ஒளிக்கிறா!"

"ஸோரு ஆர்து!"

"அந்த வேணு இருக்கானே, வாரம் தவறாம தின்னுறான்! வாயைத் திறந்தா சோத்துக்கு மட்டும்தான்! சொல்லணும்னு தோணுச்சா அவனுக்கு?"

நூற்றைம்பது பேரும் என்னைப் பார்த்து, "ஸோரு ஆர்து!" என்றார்கள். வாழ்க்கையில் அவ்வளவு பேர் என்னைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதன்பிறகு அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. குளிரைத் திட்டினார். காயாத துணியைத் திட்டினார். பெயர் சொல்லாமல் தலை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிற பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டினார். அனுமதி ஆபீஸில் தன்னை 'உடன் வந்தவர்' என்று எழுதிய அதிகாரியைத் திட்டினார்: "உடன் வந்தேனா? நான் பெத்துதான்டா இதுங்க வந்துச்சு!" ஒரு வருஷமாகக் குழாயோடு பேசியதெல்லாம் வெளியே வந்தது. குயிலு ஒவ்வொரு வரியின் கடைசி வார்த்தையையும் அடித்தொண்டையில் வாங்கி உறுமினாள். ஒருத்தருக்கும் ஒரு சொல் புரியவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு பெரிய தாடிக்காரர் அழுதுகொண்டிருந்தார்.

மேனேஜர் நாற்பதில் பேனாவை எடுத்தார். எழுதாமல் அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

நாற்பத்தேழாவது நிமிஷம் அம்மா அண்ணியின் பக்கம் திரும்பினார். கால் தளர்வது எனக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

"சோறு ஆறுது," என்றார். கத்தவில்லை. சாதாரணமாக, ஒரே வீட்டுக்குள் கூப்பிடுகிற மாதிரி.

மூன்று பேரும் நின்றார்கள். அடுத்த அடி விழவில்லை.

மேனேஜர் தாளை எழுதினார். கலைஞர்கள் எத்தனை பேர் என்ற இடத்தில் மூன்றை அடித்துவிட்டு நாலு என்று போட்டார். நாலாவது ஆள் என்ன செய்கிறார் என்று கேட்டார். குயிலு யோசித்து, "திட்டுவாங்க," என்றாள். அவருக்குப் புரியும்படி சொன்னாள். அவர் 'முதன்மைக் குரல்' என்று எழுதிக்கொண்டார்.

வண்டியில் திரும்பி வரும்போது அண்ணியின் இரண்டு கையிலும் கட்டு. தலை மெக்கானிக்கின் தோளில். மெக்கானிக் முன்சீட்டைப் பார்த்து, "அம்மா," என்றார். அம்மா திரும்பாமலே, "சரிடா, தூங்கு," என்றார்.

கொஞ்ச தூரம் போனபின் நான் மெதுவாகக் கேட்டேன். "அம்மா, நிஜமாவே கையைப் பார்த்துத்தான் கூப்பிட்டீங்களா?"

"பார்த்தேன், கூப்பிட்டேன்." பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஊருக்குப் போகணும்னும்தான் இருந்துச்சு. ரெண்டும் ஒரே வாயிலதானே வருது தம்பி. எது எதுன்னு பிரிச்சு எப்படிச் சொல்ல?"

செவ்வாய்க்கிழமை அனுமதி நீண்டது. அம்மாவின் தாளில் 'உடன் வந்தவர்' போய், 'ஹெவி மெட்டல் கலைஞர்' என்று வந்திருந்தது. அதை அவர் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தார். பாத்திரங்களைத் துணி பிரித்து அடுக்கினார்.

அப்புறம் நாலு மாசம்தான். கை ஆறியபின் மூன்று கச்சேரி செய்தார்கள். மூன்றிலும் கூட்டம் அம்மாவைக் கேட்டது. அவர் வரவே மாட்டேன் என்றுவிட்டார்.

"அன்னைக்குக் கோபம் வந்துச்சு, திட்டினேன். டிக்கெட்டுக்காகத் திட்டினா அது நடிப்புடா."

மெக்கானிக்குக்கும் அது சரி என்றுதான் பட்டது. அம்மா இல்லாமல் வாசித்தால் கூட்டத்துக்குக் குறை, அவரை வைத்து வாசித்தால் இவர்களுக்குக் குறை. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்தார்கள். யாரும் அழவில்லை. பெட்டிகளை நான்தான் கடைசியாக ஏற்றினேன். குயிலு வேறொரு பேண்டோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள், இப்போதும் உறுமுகிறாள். மெக்கானிக் நிஜமாகவே மூன்றாவது மாடியில் வீடு பிடித்தார். லிஃப்ட் இல்லாத வீடு. அம்மா அதற்கும் திட்டுகிறார். இப்போது ஜன்னலில் முகங்கள் தெரிகின்றன.

அண்ணி சலவைக்கூடத்தில் சூப்பர்வைசர் ஆகிவிட்டார். முதல் வேலையாக அந்தப் பிரஸ்ஸை மாற்றவைத்தார். இரண்டாவது வேலையாக, சாப்பாட்டு நேரத்துக்கு ஊதுகிற சங்கை நிறுத்தினார். அது காதைக் கிழிக்கிறது என்றார். பல நாட்டு ஆட்கள் அங்கே. ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குத் தெரியாது. ஆனால் பன்னிரண்டரை ஆனதும் அண்ணி ஒரு குரல் கொடுப்பார். பிரஸ் மேலே நிற்கும். கூடை பாதியில் நிற்கும். அறுபது பேரும் வெட்டினாற்போல் நிறுத்திவிட்டுக் கை கழுவப் போவார்கள்.

போன வாரம் நான் ஏற்றுமேடையில் வேனுக்குள் இருந்தேன். விரிப்புக் கட்டுகளுக்கு நடுவே நின்றதால் உள்ளேயிருந்து வந்த குரல் கேட்கவில்லை. வேறு தேசத்துக்காரர் ஒருத்தர், புதிதாகச் சேர்ந்தவர், அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர், வேன் கதவைத் தட்டினார். உள்ளே தலையை நீட்டி என்னிடம் சொன்னார்:

"ஸோரு ஆர்து."

"இதோ வந்துட்டேன்," என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவர் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.